வேண்டாம் என்பவரை என்ன செய்வது?

1987 அக்டோபர் இறுதியில் நியூயார்க் நகராட்சியின் மனநலக் குழு ஒன்று மன்ஹாட்டனின் இரண்டாம் அவென்யூவில், 65-ஆம் தெரு முனைக்கு வந்து நின்றது. அங்கே கட்டடத்திலிருந்து சூடான காற்று வெளியேறும் துவாரத்தின் ஓரத்தில் ஒரு பெண் பல மாதங்களாக வாழ்ந்துவந்தார். பெயர் ஜாய்ஸ் பிரவுன், வயது 40. பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் அலுவலகச் செயலாளராக வேலை பார்த்தவர். அவர் வர மறுத்தார். மறுத்தவரை வண்டியில் ஏற்றி பெல்வியூ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தெருவில் கிடக்கும் கடும் மனநோயாளிகள் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பதாக மருத்துவர் கருதினால், உடனடி உயிராபத்து இல்லாவிட்டாலும் தூக்கிச்செல்லலாம் என்று மேயர் எட் கோச் அப்போதுதான் ஒரு திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார். அதில் முதலில் பிடிபட்டவர் ஜாய்ஸ்.

அவர் நீதிமன்றம் போனார். நகராட்சியின் மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள்: இவருக்கு மனச்சிதைவு நோய், நடைபாதையிலேயே மலஜலம் கழிக்கிறார், கொடுக்கும் பணத்தைக் கிழித்துப் போடுகிறார், போவோர் வருவோரைத் திட்டுகிறார். அவர் தரப்பு மருத்துவர்கள் அதே பெண்ணைப் பரிசோதித்துவிட்டு, அடைத்துவைக்கும்படியான நோய் எதுவும் இல்லை என்றார்கள். ஜாய்ஸ் தாமே கூண்டில் ஏறி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அக்கம்பக்கத்து உணவகங்கள் கழிப்பறைக்குள் விடுவதில்லை. சாப்பாட்டுக்குச் சில டாலர் கிடைத்துவிட்டால் அதற்குமேல் தேவையில்லை. வேண்டாம் என்ற பிறகும் கையில் திணிக்கும் பணத்தைத்தான் எறிந்தார். இரவில் பணத்தோடு தெருவில் படுப்பது ஆபத்து. நீதிபதி ராபர்ட் லிப்மன் அவரை விடுவிக்கச் சொன்னார். மேல்முறையீட்டில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. வலுக்கட்டாயமாக மருந்து கொடுக்கக் கூடாது என்று பின்னர் இன்னொரு நீதிபதி சொல்லவே, மருந்தில்லாமல் வைத்திருந்து பயனில்லை என்று 1988 ஜனவரியில் மருத்துவமனை அவரை அனுப்பிவிட்டது. அடுத்த மாதம் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் மேடையேறிப் பேசினார். சில வாரங்களில் மறுபடியும் தெருவில் கையேந்தி நின்றார்.

ஹார்வர்டில் பேசியதைக் காட்டி ஒரு தரப்பும், மறுபடி கையேந்தியதைக் காட்டி மறு தரப்பும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொண்டன. ஜாய்ஸின் உடன்பிறந்த சகோதரிகள் நகராட்சியின் பக்கம்தான் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவர்கள் அவரைத் தேடி அலைந்தவர்கள், வீட்டில் வைத்துப் பார்க்க முயன்று தோற்றவர்கள். சுதந்திரத்தின் பெயரால் தங்கள் சகோதரி குளிரில் கிடப்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. கெட்டுக்கொண்டே போகும் ஒருவர் ‘வேண்டாம், என்னை விடுங்கள்’ என்கிறார். அவருடைய நன்மைக்காகவே அவரைப் பலவந்தமாகத் தூக்கிச்செல்ல நகரத்துக்கு உரிமை உண்டா? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நியூயார்க் இந்தக் கேள்விக்கு முன்னும் பின்னுமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பலவந்தத்தைச் சட்டம் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1887-இல் நெல்லி பிளை என்ற இளம் பத்திரிகையாளர் பைத்தியம்போல் நடித்து, நகரின் கிழக்கு ஆற்றுத் தீவில் இருந்த பெண்கள் மனநோய் விடுதிக்குள் போனார். கெட்டுப்போன உணவு, பனிபோல் குளிர்ந்த நீரில் குளியல், அடி. பத்து நாள் இருந்துவிட்டு வந்து எழுதினார். உள்ளே போன கணத்திலிருந்து அவர் சாதாரணமாகத்தான் பேசினார். அது யார் காதிலும் ஏறவில்லை. நோயாளி என்ற முத்திரை விழுந்த பிறகு ஒருவர் சொல்லும் எதுவும் நோயின் அறிகுறியாகவே கேட்கப்படும். 1955-இல் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் மட்டும் தொண்ணூறாயிரத்துக்கும் மேல். லாங் ஐலண்டில் இருந்த பில்கிரிம் மருத்துவமனை ஒரு காலத்தில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு ஒரு சிறு நகரமாகவே இருந்தது. புளோரிடாவில் கென்னத் டொனால்ட்சன் என்பவர், யாருக்கும் தீங்கு செய்யாதவர், ஏறத்தாழ 15 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். ஆபத்தில்லாத, தானாகவோ பிறர் துணையோடோ வெளியே வாழக்கூடிய ஒருவரைச் சும்மா அடைத்துவைக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் அவர் வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பை வாங்கியவர்கள் ஏட்டுச் சுரைக்காய்த் தத்துவம் பேசியவர்கள் அல்லர். கம்பிக் கதவுகளுக்குப் பின்னால் முதுமையடைந்தவர்கள்.

அந்தக் கதவுகளைத் திறந்தது சரி. திறந்த பிறகு செய்ய வேண்டியதைச் செய்யாததுதான் குற்றம். குளோர்புரோமசைன் என்ற மருந்து 1954-இல் புழக்கத்துக்கு வந்ததும் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1963 அக்டோபர் 31 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அவருடைய சகோதரி ரோஸ்மேரி 1941-இல் மூளை அறுவைச் சிகிச்சையால் வாழ்நாள் முழுவதும் முடங்கியவர். அந்தக் குடும்பத்துக்கு இது பட்டறிந்த துயரம். பெரிய மருத்துவமனைகளுக்குப் பதிலாக நாடெங்கும் ஊருக்குள்ளேயே சுமார் 1,500 மையங்கள் என்பது கனவு. அதில் பாதியளவுதான் கட்டப்பட்டது. மருத்துவமனைகளை மூடியதால் மிச்சமான பணம் நோயாளியின் பின்னால் ஊருக்கு வரவில்லை.

மருத்துவமனைகளிலிருந்து வந்தவர்கள் தங்க நியூயார்க்கில் அதுவரை ஓர் இடம் இருந்தது. ஒற்றை அறை விடுதிகள்: ஒருவர் படுக்கும் அளவுக்கு அறை, தளத்துக்கு ஒரு பொதுக் கழிப்பறை, வார வாடகை. அழகான இடங்கள் அல்ல. எலியும் மூட்டைப்பூச்சியும் உண்டு, சண்டை சச்சரவு உண்டு. ஆனால் உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு இருந்தது. புதிதாக இத்தகைய அறைகள் கட்டுவதை நகரம் 1955-இல் தடை செய்தது. எழுபதுகளில் இருந்தவற்றை இடித்து வசதியான குடியிருப்புகளாக மாற்றுவோருக்கு வரிச்சலுகையும் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் மறைந்தன. மருத்துவமனையும் போய், மலிவான அறையும் போன பிறகுதான் ஜாய்ஸ் பிரவுன் போன்றவர்கள் நடைபாதையில் தென்படத் தொடங்கினார்கள். அதற்குப் பின்னர், இவர்கள் தெருவில் வாழ விரும்புகிறார்களே, என்ன செய்வது என்று பேச்சு எழுந்தது.

‘வேண்டாம்’ என்பவர் எதை வேண்டாம் என்கிறார் என்று கேட்காமல் இந்தப் பேச்சுக்குள் போகக் கூடாது. நியூயார்க் மற்ற அமெரிக்க நகரங்களைப்போல் கைகழுவிவிடவில்லை என்பது உண்மை. ஏழைகளைப் பராமரிப்பது அரசின் பொறுப்பு என்று 1938 முதல் மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ராபர்ட் ஹேஸ் என்ற இளம் வழக்கறிஞர் 1979-இல் வழக்குப் போட்டார். 1981-இல் நகரம் பணிந்து, கேட்கும் ஆண் ஒவ்வொருவருக்கும் படுக்கை தருவதாக ஒப்புக்கொண்டது. பின்னர் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் அது நீண்டது. வழக்கில் முதல் பெயராக இருந்த ராபர்ட் கலஹன், அந்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே தெருவில் இறந்துபோனார். இன்று இந்த உரிமையின் கீழ் இரவுதோறும் தங்குவோரில் பெரும்பகுதி குழந்தைகளோடு இருக்கும் குடும்பங்கள். வாடகை கட்ட முடியாததைத் தவிர அவர்களுக்கு வேறு நோய் கிடையாது. வீடற்றவர் என்றாலே மனநோயாளி என்று நினைக்கும் பழக்கம் அவர்களுக்குச் செய்யும் அநீதி. 2025 ஜனவரியில் ஓர் இரவு எடுத்த கணக்கெடுப்பில் தெருவிலும் சுரங்க ரயிலிலும் காணப்பட்டவர்கள் சுமார் 4,500 பேர். எண்பது லட்சம் பேர் வாழும் நகரத்தில் இது பெரிய எண்ணிக்கையே அல்ல.

அந்த நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு நீட்டப்பட்ட படுக்கை எப்படிப்பட்டது? எண்பதுகளில் ஃபோர்ட் வாஷிங்டன் படைக்கலக் கூடத்தில் ஒரே மண்டபத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்கள் கட்டில் கட்டிலாகப் படுத்திருந்தார்கள். காசநோய் பரவியது, செருப்பைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டியிருந்தது. இன்றைய விடுதிகள் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பல பேர் ஓர் அறையில், குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும், உடைமைகளைக் கொஞ்சம்தான் கொண்டுவரலாம், பக்கத்துக் கட்டிலில் யார் என்று தெரியாது. காதில் குரல்கள் கேட்கும் ஒருவருக்கு, எல்லோரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற அச்சத்தில் வாழ்பவருக்கு, இது எத்தகைய இரவு? அவர் ரயில் பெட்டியின் மூலை இருக்கையைத் தேர்ந்தெடுத்தால், அந்த முடிவை நோயின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அடி வாங்கிய இடத்துக்குத் திரும்பிப் போகாதிருப்பது அறிவுள்ளவர் செய்யும் வேலைதான். அவருடைய மறுப்பில் நோய் எவ்வளவு, நியாயம் எவ்வளவு என்பது மறுக்க முடியாத அளவுக்கு நல்லதொன்றைக் கொடுத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது.

கேட்டவர்களுக்குக்கூடக் கிடைக்கவில்லை என்பதுதான் இதில் மிகவும் வேதனையான பகுதி. 1999 ஜனவரி 3 அன்று 23-ஆம் தெரு ரயில் நிலையத்தில் கெண்ட்ரா வெப்டேல் என்ற 32 வயதுப் பெண்ணை, மனச்சிதைவு நோயுள்ள ஒருவர் வந்துகொண்டிருந்த ரயிலுக்கு முன்னால் தள்ளிவிட்டார். கெண்ட்ரா இறந்தார். அதே ஆண்டில், வெளியில் வாழும் நோயாளிகள் மருந்தும் சிகிச்சையும் எடுத்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட வழிசெய்யும் சட்டம் அவர் பெயராலேயே வந்தது. சிகிச்சையை மறுத்துத் திரியும் நோயாளிகளால் வந்த ஆபத்து என்று அந்தச் சட்டத்துக்கு விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால் தள்ளியவரின் முந்தைய இரண்டு ஆண்டுகள் வேறு கதையைச் சொல்கின்றன. அவர் திரும்பத் திரும்பத் தாமாகவே மருத்துவமனைகளுக்குப் போனவர். தமக்குள் ஏதோ புகுந்துகொள்கிறது என்று சொல்லி உதவி கேட்டவர். சில நாள், சில வாரம் வைத்திருந்து வெளியே அனுப்பினார்கள். மேற்பார்வையோடு கூடிய வீட்டுக்காகக் காத்திருந்தார், இடமில்லை. படுக்கைகளைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வேண்டும் என்றவருக்குக் கதவைச் சாத்திவிட்டு, வேண்டாம் என்பவர்களைக் கட்டாயப்படுத்தச் சட்டம் செய்ததை நியாயம் என்று எப்படிச் சொல்வது? அந்தச் சட்டம் பலருக்கு நன்மையும் செய்திருக்கிறது. ஆணை பெற்றவருக்கு முன்னுரிமையோடு சேவைகள் கிடைப்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். அப்படியானால் ஆணைக்கு முன்பே, கேட்டபோதே கொடுத்திருந்தால் என்ன?

ரயிலில் போகிறவர்களின் அச்சத்தையும் இங்கே எடைபோட்டாக வேண்டும். அது போலியானது அல்ல. இரவு வேலை முடிந்து போகும் தாதிப் பெண், பள்ளி விட்டு வரும் சிறுவன், கத்திக்கொண்டு நடக்கும் ஒருவரோடு அடைபட்ட பெட்டியில் இருக்க வேண்டியிருக்கிறது. கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அச்சம் தெரியாது. தெருவில் கிடப்பவரின் உரிமையைப் பற்றி உரக்கப் பேசுவது அவர்களுக்குச் சுலபம். 2023 மே 1 அன்று ஜோர்டன் நீலி என்ற 30 வயது இளைஞர் ரயிலில், பசிக்கிறது, தாகமாக இருக்கிறது, சிறைக்குப் போனாலும் செத்தாலும் கவலையில்லை என்று கத்தினார். ஒரு பயணி அவர் கழுத்தைப் பின்னாலிருந்து கையால் இறுக்கிப் பிடித்தார். நீலி இறந்தார். பிடித்தவரை 2024 டிசம்பரில் நடுவர் குழு விடுவித்தது. நீலிக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அவருடைய தாய் கொலையுண்டார். மைக்கேல் ஜாக்சனைப்போல் ஆடிப் பயணிகளை மகிழ்வித்து வந்தவர் அவர். 2021-இல் முதிய பெண் ஒருவரைத் தாக்கியவரும் அவரேதான். உடனடியாக உதவி தேவைப்படுவோர் என்று நகராட்சி வைத்திருந்த சிறு பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 2023 பிப்ரவரியில் நீதிமன்ற ஒப்பந்தப்படி ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர்ந்து, 13 நாளில் வெளியேறிவிட்டார். நகரத்துக்கு அவரைத் தெரியும், பெயரோடு தெரியும். பசி என்று அவர் சொன்ன கடைசி வார்த்தைகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஒரு ரயில் பெட்டியில் இருந்த பயணிகளின் தலையில் விழுந்தது. அவர்களில் யாரும் அதற்குத் தகுதி பெற்றவர்கள் இல்லை.

ஆகவே ஒருபோதும் பலவந்தம் கூடாது என்று சொல்வது நேர்மையாக இருக்காது. மனச்சிதைவு நோயின் கொடுமைகளில் ஒன்று, நோய் இருப்பதையே அது நோயாளியிடமிருந்து மறைத்துவிடுகிறது. கால் அழுகிப் புழு வைத்திருக்க, அது தன் கால் இல்லை என்பவர் உண்டு. உணவில் விஷம் என்று பல நாள் பட்டினி கிடப்பவர் உண்டு. உறைபனி இரவில் சட்டையின்றிப் படுப்பவர் உண்டு. இவர்களுடைய ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து நகர்ந்துபோவது, மரியாதையின் உடையில் வரும் கைவிடல்தான். நீதிபதி லிப்மன் தமது தீர்ப்பில், ஜாய்ஸைப் பார்த்து முகம் சுளிப்பவர்களின் மனச்சாட்சி அதனால் விழித்தால் நல்லது என்ற பொருள்பட எழுதினார். அவருடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் ஊராரின் மனச்சாட்சி விழிக்கும்வரை ஒரு பெண்ணைக் குளிரில் பாடமாக உட்கார வைத்திருக்க யாருக்கும் உரிமையில்லை.

உயிர் போகும் நிலையில் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றலாம், காப்பாற்றத்தான் வேண்டும். கேள்வி அதற்குப் பிறகு எழுகிறது. இழுத்தவர் யார், எங்கே கொண்டுபோகிறார், எப்போது விடுகிறார்? பெரும்பாலும் இழுப்பது காவல்துறையின் கை. பிராங்ஸைச் சேர்ந்த 66 வயது டெபோரா டேனர் மனச்சிதைவு நோயோடு வாழ்வதைப் பற்றி 2012-இல் ஒரு கட்டுரை எழுதியவர். மனநோயாளிகள் காவலர்கள் கையில் மடிவதைப் பற்றி அதிலேயே கவலைப்பட்டிருந்தார். 2016-இல் அவருடைய வீட்டுக்குள்ளேயே ஒரு காவல் அதிகாரி அவரைச் சுட்டுக் கொன்றார். இப்படி வலுக்கட்டாயமாகக் கொண்டுசெல்லப்படுவோரில் கறுப்பின மக்கள் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகம். மருத்துவமனையில் சில மணி நேரம் அல்லது சில நாள் கழித்து, பழைய விடுதிக்கோ தெருவுக்கோ அனுப்புகிறார்கள். சிறையில் முடிபவர்களும் ஏராளம். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இருப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள். அங்கே ஒருவரை ஓராண்டு வைத்திருக்க ஐந்தரை லட்சம் டாலருக்கும் மேல் செலவாகிறது என்று நகரின் கணக்கு அதிகாரி 2021-இல் கணக்கிட்டார். பணமில்லை என்ற சாக்கு இந்த நகரத்தின் வாயில் பொருந்தாது.

வேறு வழி இருக்கிறது என்பதைக் காட்டியவரும் அந்தத் தெருவேலையிலிருந்து வந்தவர்தான். சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தெருவில் கிடப்போரை மருத்துவமனைக்கு அனுப்பும் நகராட்சிப் பணியில் இருந்து, அனுப்பியவர்களே திரும்பத் திரும்பத் தெருவுக்கு வருவதைப் பார்த்தவர். 1992-இல் அவர் வரிசையைத் தலைகீழாக்கினார். குடியை விடு, மருந்தைச் சாப்பிடு, பிறகு வீடு என்ற நிபந்தனைகளை எடுத்துவிட்டு, முதலில் சாவியைக் கொடுத்தார். மருத்துவரும் சமூகப் பணியாளரும் வீட்டுக்கே வருவார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அப்படிக் குடியேறியவர்களில் 88 விழுக்காட்டினர் வீட்டிலேயே இருந்தார்கள். பழைய முறையில் பாதிக்கும் குறைவு. வீடு கிடைத்ததாலேயே காதில் கேட்கும் குரல்கள் அடங்கிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குணமாவது வேறு வேலை, நீண்ட வேலை. ஆனால் எந்த உதவியும் வேண்டாம் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட அதே மனிதர்கள் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் மறுத்துவந்தது உதவியையே அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. சாவி கொடுத்தும் மறுப்பவர் சிலர் எஞ்சுவார்கள். பலவந்தத்தைப் பற்றிய உண்மையான விவாதம் அந்தச் சிலரைப் பற்றியதாக இருக்க வேண்டும். நகரம் அந்தச் சிறு எண்ணிக்கை வரை இன்னும் வந்தே சேரவில்லை.

2025 மே மாதம் ஆளுநர் கேத்தி ஹோக்கல் மாநிலச் சட்டத்தை விரிவாக்கினார். நோயின் காரணமாக உணவு, உறைவிடம், மருத்துவம் போன்ற அடிப்படைத் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்ள முடியாதவரையும் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்கலாம் என்பது இப்போது எழுத்துபூர்வமான சட்டம். கோச் 1987-இல் செய்ய முனைந்ததுதான் இது. முந்தைய ஆண்டில் மட்டும் நியூயார்க் நகரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மக்கள் விருப்பமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார்கள். சிகிச்சை முடிந்து போக்கிடமில்லாதவர்கள் தங்குவதற்காக அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ் 2025 தொடக்கத்தில் அறிவித்த புதிய இல்லத்தில் இடம் நூறு பேருக்கு. தூக்கிச்செல்லும் அதிகாரத்தை மாநிலத்தால் ஒரே கையெழுத்தில் விரிவாக்க முடிந்தது. தூக்கிச்செல்லப்பட்டவர் தங்கும் அறைகளை அப்படி விரிவாக்க முடியவில்லை. ஆதரவுச் சேவையோடு கட்டிய வீடுகளில்கூட 2022-இல் இரண்டாயிரத்துக்கும் மேல் காலியாகக் கிடந்தன. அதற்கு முதன்மையான காரணம் விண்ணப்பங்களும் சான்றுகளும் நேர்காணல்களுமாக நீளும் நடைமுறை. அடையாள அட்டையைத் தொலைத்தவர், அழைப்பை எடுக்கக் கைபேசி இல்லாதவர், முந்தைய மருத்துவ அறிக்கையைக் காட்ட முடியாதவர் அந்த வரிசையிலிருந்து நழுவிவிடுகிறார்.

ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் தாளில் ஒரு மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவரை வெளியே அனுப்பும் தாளிலும், அவர் அன்றிரவு எந்த முகவரியில், எந்தக் கதவுக்குப் பின்னால் தூங்கப்போகிறார் என்பதற்கு ஒருவர் கையெழுத்திடக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். முதல் கையெழுத்தைக் கேட்கும் நகரம் இரண்டாவதைக் கேட்காதவரை, தான் செய்வதைப் பராமரிப்பு என்று சொல்ல அதற்குத் தகுதியில்லை.